ஒரு வாக்கில் பிழைத்த காடு

(மினியாபொலிஸ் நகரில் தமிழ்க் குடும்பங்கள் கூடிய அவையில் ஆற்றிய உரை)



நதிமூலமும் ரிஷிமூலமும் பார்க்கக் கூடாது என்பார்கள் நம் பெரியவர்கள். இன்று அந்தச் சொல்லை மீறப் போகிறேன். ஒரு நதியின் மூலத்துக்கே உங்களை அழைத்துக்கொண்டு போகப் போகிறேன். வழியில் ரிஷிகளும் வருவார்கள். அவர்களில் ஒருவர் 24 வயதுப் பெண்.

நாம் கூடியிருக்கும் இந்த ஊரிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ நான்கு மணி நேரக் கார்ப் பயணம். வயல்கள் முடிந்து காடு தொடங்கும். காட்டுக்குள் ஓர் ஏரி. ஏரியின் பெயர் இட்டாஸ்கா. அதைச் சுற்றி 32,000 ஏக்கருக்கு மேல் பரந்திருக்கிறது இட்டாஸ்கா மாநிலப் பூங்கா. பூங்கா என்றவுடன் ஊஞ்சலும் சறுக்குமரமும் சுண்டல் வண்டியும் நினைவுக்கு வர வேண்டாம். இது முழுக் காடு. நூறுக்கும் மேற்பட்ட ஏரிகளைத் தனக்குள் வைத்திருக்கும் காடு. மினசோட்டாவின் முதல் மாநிலப் பூங்கா. மிசிசிப்பி ஆறு பிறக்கும் இடம்.

அங்கே போய்க் கூடாரம் அடித்துத் தங்குவது எப்படி, எந்தப் பாதையில் நடப்பது என்று சொல்லத்தான் என்னை அழைத்தார்கள். சொல்கிறேன். ஆனால் அதற்கு முன் உங்களிடம் ஒரு கேள்வி. அந்தக் காடு இன்றைக்கும் ஏன் அங்கே நிற்கிறது? சுற்றிலும் நூறு மைலுக்கு நூறு மைல் பைன் மரங்களை வெட்டித் தள்ளிய காலத்தில், இந்த மரங்கள் மட்டும் எப்படித் தப்பின? யார் காத்தார்கள்? எதைக் கொடுத்துக் காத்தார்கள்? இன்றைய பேச்சின் பொருள் இதுதான்.

முதலில் அந்த இடத்தைப் பார்த்துவிடுவோம்.

ஏரியின் வடமுனைக்குப் போங்கள். அங்கே வரிசையாகக் கற்கள் கிடக்கும். கல்லுக்குக் கல் இடைவெளியில் ஏரித் தண்ணீர் வழிந்து மறுபக்கம் விழும். விழுகிற தண்ணீர் அங்கேயே ஓடையாகிவிடும். அகலம் 20 அடி இருந்தால் அதிகம். ஆழம் முழங்கால் அளவு. அடியில் கூழாங்கல் தெரியும். அப்பா கையைப் பிடித்துக்கொண்டு மூன்று வயதுப் பிள்ளை அந்த ஓடையைக் கடந்துவிடும். பக்கத்தில் ஒரு பெரிய மரத்தண்டு நட்டு அதில் எழுத்து வெட்டியிருக்கிறார்கள்: கடல்மட்டத்துக்கு மேல் 1475 அடி உயரத்தில் தொடங்கி, 2552 மைல் ஓடி, மெக்சிகோ வளைகுடாவைச் சேர்கிறது என்று. இங்கே விழும் ஒரு சொட்டுத் தண்ணீர் கடலைச் சேர ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும் என்கிறார்கள்.

அந்த ஆறு நேராகத் தெற்கே போவதும் இல்லை. முதலில் வடக்கே போகிறது. பெமிட்ஜி ஏரிக்குள் நுழைந்து, கிழக்கே திரும்பி, இன்னும் சில ஏரிகளுக்குள் புகுந்து வெளிவந்து, அதன் பிறகுதான் தெற்கே இறங்குகிறது. இறங்கி நம் ஊருக்கு வருகிறது. இந்த நகரத்துக் குழாய்களில் வருவது மிசிசிப்பித் தண்ணீர்தான். காலையில் காப்பிக்கு வைப்பதும் அதுதான், மதியம் ரசத்துக்கு ஊற்றுவதும் அதுதான். ஆகவே இட்டாஸ்கா ஏதோ தூரத்துச் சுற்றுலாத்தலம் என்று நினைக்காதீர்கள். நம் சமையலறையின் இன்னொரு முனை அது.

இப்போது ஒரு செய்தி சொல்கிறேன், குழந்தைகளே, கவனமாகக் கேளுங்கள். நீங்கள் காலடி வைத்துத் தாண்டப் போகும் அந்தக் கற்கள் அங்கே தாமாகக் கிடந்தவை அல்ல. 1930களில் அந்த வாய்ப்பகுதி சேறும் சகதியுமாகக் கிடந்தது. அரசாங்கம் அமர்த்திய தொழிலாளர்கள் சேற்றை வாரி, நிலத்தை மேடாக்கி, ஓடையின் வழியைத் திருத்தி, கல் அடுக்கிக் கொடுத்தார்கள். ஆற்றின் பிறப்பிடத்திலேயே மனிதக் கை இருக்கிறது. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அந்தக் காடு முழுவதிலும் மனிதக் கை இருக்கிறது. வெட்டிய கையும் இருக்கிறது, காத்த கையும் இருக்கிறது. எந்தக் கை ஜெயித்தது என்பதுதான் கதை.

சரி, இந்த இடத்தை முதலில் கண்டுபிடித்தது யார்?

நூலைப் புரட்டினால் வரிசையாகப் பெயர்கள் வரும். ஸெபுலன் பைக் என்ற ராணுவ அதிகாரி 1806இல் பனிக்காலத்தில் வந்தார். லீச் ஏரியைப் பார்த்துவிட்டு, இதுதான் மூலம் என்றார். 1820இல் லூயிஸ் காஸ் வந்தார். வேறோர் ஏரியோடு நின்றுவிட்டார். அந்த ஏரிக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. 1823இல் பெல்ட்ராமி என்ற இத்தாலியர் வந்தார். இன்னொரு சின்ன ஏரியைக் காட்டி, இதுதான் என்றார். மூன்று பேர், மூன்று ஏரி, மூன்றும் தவறு.

நான்காவதாக வந்தவர் ஹென்றி ஸ்கூல்கிராஃப்ட். 1832ஆம் ஆண்டு ஜூலை 13ஆம் நாள் அவர் சரியான ஏரியைச் சேர்ந்தார். அவர் மட்டும் எப்படிச் சேர்ந்தார்? முன்னே வந்தவர்களைவிட அறிவாளியா? நல்ல தொலைநோக்கி வைத்திருந்தாரா? இல்லை, ஐயா. அவர் வழி கேட்டார்! ஒஸாவிண்டிப் என்ற ஒஜிப்வே பழங்குடித் தலைவரிடம் கேட்டார். ஒஸாவிண்டிப் சின்னப் படகுகளை ஏற்பாடு செய்து, எந்தக் கிளையாற்றில் ஏற வேண்டும், எங்கே படகைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் காட்டி, ஏரிக்கரையில் கொண்டுவந்து நிறுத்தினார். ஸ்கூல்கிராஃப்ட் ஏரியிலுள்ள தீவில் கொடி ஏற்றினார், ஏரிக்குப் புதுப் பெயர் வைத்தார், புத்தகம் எழுதினார், புகழ் பெற்றார். ஒஜிப்வே மக்கள் அந்த ஏரியைத் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தார்கள். அதற்குப் பெயரும் வைத்திருந்தார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது காணாமல் போகவே இல்லை.

அந்தப் பயணத்தில் ஒரு மருத்துவரும் இருந்தார், டக்ளஸ் ஹூட்டன் என்று பெயர். போகும் வழியெங்கும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஒஜிப்வே மக்களுக்குப் பெரியம்மைத் தடுப்பூசி போட்டார். கொடி ஏற்றியதைச் சொல்கிற நூல்கள் பல இதைச் சொல்ல மறந்துவிடுகின்றன. நாம் மறக்க வேண்டாம்.

இன்னும் பின்னால் போகலாமா? பூங்காவுக்குள் காட்டுச்சாலை ஒன்று இருக்கிறது. அதை ஒட்டி ஒரு சதுப்பில் பழைய எலும்புகள் கிடைத்தன. பல்கலைக்கழகத்தார் தோண்டிப் பார்த்தார்கள். சுமார் 8000 ஆண்டுகளுக்கு முன் வேட்டைக்காரர்கள் அங்கே பதுங்கியிருந்து, தண்ணீரில் இறங்கிய காட்டெருமைகளை ஈட்டியால் வீழ்த்தியிருக்கிறார்கள். ஏரிக்கரையில் பல நூறு ஆண்டுப் பழமையான புதைமேடுகளும் இருக்கின்றன. அங்கே போனால் குரலைத் தாழ்த்திக்கொள்ளுங்கள். அது இறந்தவர்கள் உறங்கும் இடம். 1855ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் ஒஜிப்வே மக்கள் இந்த நிலப்பரப்பை அமெரிக்க அரசுக்கு விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. நாம் கூடாரம் அடிக்கும் மண்ணுக்கு அப்படியொரு பத்திரம் இருக்கிறது. அதையும் தெரிந்துகொண்டுதான் அடிக்க வேண்டும்.

இனி கோடரி வருகிறது.

1855க்குப் பிறகு மரக் கம்பெனிகள் வடக்கே ஏறின. வெள்ளைப் பைன் மரத்துக்கு இருந்த மதிப்பு கொஞ்சநஞ்சம் அல்ல. ஊர் ஊராக வீடு எழும்பிக்கொண்டிருந்த காலம். மரம் வேண்டும், பலகை வேண்டும். குளிர்காலத்தில் வெட்டுவார்கள், பனியில் இழுத்து ஆற்றோரம் அடுக்குவார்கள், பனி உருகியதும் ஆற்றில் மிதக்கவிட்டு ரம்ப ஆலைக்கு அனுப்புவார்கள். ஆறுதான் சாலை, ஆறுதான் லாரி. நம் மினியாபொலிஸ் வளர்ந்ததில் அந்த ரம்ப ஆலைகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

அந்த நேரத்தில் ஒரு விசித்திரமான சண்டை மூண்டது. 1881இல் வில்லார்டு கிளேசியர் என்ற முன்னாள் படைவீரர் வந்து, ஸ்கூல்கிராஃப்ட் சொன்னது தவறு, இட்டாஸ்காவுக்குத் தெற்கே இருக்கும் சின்ன ஏரிதான் உண்மையான மூலம் என்று அறிவித்தார். அந்த ஏரிக்குத் தன் பெயரையே சூட்டிக்கொண்டார். பெரிய சர்ச்சை! மினசோட்டா வரலாற்றுச் சங்கம் ஓர் ஆளைத் தேர்ந்து, நேரில் போய் அளந்துவிட்டு வா என்று அனுப்பியது. அவர் பெயர் ஜேக்கப் ப்ரோவர்.

ப்ரோவர் போனார். 1889இல் மாதக்கணக்கில் காட்டில் கிடந்தார். ஓடை ஓடையாக, ஏரி ஏரியாக அளந்தார். அளந்து முடித்து, இட்டாஸ்கா வடிநிலமே மூலம் என்று சொல்லிச் சண்டையைத் தீர்த்தார். வேலை முடிந்தது, வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் அளக்கப் போன இடத்தில் அவர் வேறொன்றைப் பார்த்துவிட்டார். கோடரி எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டது என்று பார்த்துவிட்டார். இன்னும் சில ஆண்டு விட்டால், மிசிசிப்பியின் பிறப்பிடத்தில் அடிமரக் கட்டைகள்தான் மிஞ்சும் என்று கண்டுகொண்டார். இதைக் காக்க வேண்டும் என்று ஒவ்வொரு கதவாகத் தட்டினார்.

மசோதா சட்டமன்றத்துக்கு வந்தது. மரக் கம்பெனிகளின் செல்வாக்கு தெரியாத ஆள் அந்த அவையில் இல்லை. வாக்கெடுப்பு நடந்தது. 1891ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் இட்டாஸ்கா பூங்கா பிறந்தது. எத்தனை வாக்கு வித்தியாசத்தில் தெரியுமா? நூறா? பத்தா? ஒன்று! ஒரே ஒரு வாக்கு! அந்த ஒருவர் அன்று காய்ச்சலில் படுத்திருந்தால்? வண்டி தாமதமாகியிருந்தால்? யாராவது காதில் ஏதாவது ஓதியிருந்தால்? இன்று நாம் பேசிக்கொண்டிருக்கும் காடு இருந்திருக்காது. என் ஒரு வாக்கால் என்ன ஆகிவிடப் போகிறது என்று தேர்தல் நாளன்று சோபாவில் சாய்ந்துகொள்கிறவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. அவர்களை இட்டாஸ்காவுக்கு அழைத்துப் போங்கள். 250 ஆண்டு கடந்த செம்பைன் மரத்தடியில் நிறுத்தி, மேலே பாருங்கள் என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கின் உயரம் தெரியும்.

சட்டம் வந்துவிட்டது, கதை சுபம் என்று நினைக்கிறீர்களா? அதுதான் இல்லை! சட்டம் வந்தது, பணம் வரவில்லை. பூங்கா எல்லைக்குள் இருந்த நிலத்தில் பெரும்பகுதி தனியார் கையில், மரக் கம்பெனிகள் கையில் இருந்தது. அதை வாங்கத் தேவையான காசைச் சட்டமன்றம் ஒதுக்கவில்லை. வரைபடத்தில் பூங்கா, தரையில் வெட்டுக்காடு. முதல் ஆணையராக அமர்ந்த ப்ரோவர் சொந்தக் காசைச் செலவழித்தார். 1905இல் கண்ணை மூடும்வரை அந்தக் காட்டுக்காகவே வாதாடினார். பூங்காவுக்குள் கோடரிச் சத்தம் ஓய்ந்தது 1919 வாக்கில்தான்.

இங்கேதான் நான் முதலில் சொன்ன அந்த 24 வயதுப் பெண் வருகிறார். பெயர் மேரி கிப்ஸ்.

அவருடைய தந்தை ஜான் கிப்ஸ் பூங்காவின் ஆணையர். 1903இல் அவர் இறந்துபோனார். ஆளுநர் அந்தப் பொறுப்பை மகளிடம் கொடுத்தார். அப்போது அமெரிக்கப் பெண்களுக்கு நாடு தழுவிய வாக்குரிமைகூட இல்லை. அது வர இன்னும் 17 ஆண்டு இருந்தது. வாக்குச்சாவடிக்குள் போக முடியாத பெண்ணிடம் ஒரு காட்டின் சாவி வந்தது.

அந்த ஆண்டு மரக் கம்பெனி ஆற்றில் அணை கட்டித் தண்ணீரைத் தேக்கியிருந்தது. எதற்கு? தேக்கிய தண்ணீரை ஒரே நேரத்தில் திறந்துவிட்டால் வெட்டிய மரமெல்லாம் மிதந்து போகும். ஆனால் தேங்கிய தண்ணீர் ஏரிக்கரையில் ஏறியது. கரையோர மரங்களின் வேர் தண்ணீரில் மூழ்கியது. வேர் மூழ்கிய பைன் மரம் நின்ற இடத்திலேயே சாகும். மதகைத் திற என்று மேரி கிப்ஸ் உத்தரவிட்டார். கம்பெனிக்காரர்கள் கேட்கவில்லை. நேரில் போனார். அணைமேல் துப்பாக்கியோடு ஓர் ஆள் நின்றான். மதகைத் தொட்டால் சுடுவேன் என்றான்.

அந்தப் பெண் என்ன செய்தார்? திரும்பி வந்தாரா? மேலிடத்துக்கு மனு எழுதினாரா? நடந்து போனார். மதகின் நெம்புகோல்மேல் கையை வைத்தார். அந்த ஆள் சுடவில்லை!

வெற்றி விழா எதுவும் நடக்கவில்லை, நண்பர்களே. கம்பெனி நீதிமன்றம் போனது. சில மாதங்களில் மேரி கிப்ஸின் பதவி போனது. மரம் வெட்டுவது தொடர்ந்தது. அந்தக் கணக்கில் அவர் தோற்றார். ஆனால் ஒரு பூங்காவுக்குத் தலைமை ஏற்ற முதல் பெண் என்று மினசோட்டா இன்று அவரைக் கொண்டாடுகிறது. மிசிசிப்பி பிறக்கும் இடத்தில் பார்வையாளர்களை வரவேற்கும் மையத்துக்கு அவர் பெயர். அந்தக் கம்பெனியின் பெயரை உங்களில் யாருக்காவது தெரியுமா? எனக்கு அதைச் சொல்ல விருப்பமும் இல்லை.

அடுத்து 1930கள். நாடெங்கும் பொருளாதாரச் சரிவு, வேலையில்லாத் திண்டாட்டம். அமெரிக்க அரசு இளைஞர்களைச் சேர்த்து இயற்கை வளக் காப்புப் படை ஒன்றை அமைத்தது. மாதச் சம்பளம் 30 டாலர். அதில் 25 டாலர் நேராக வீட்டுக்குப் போய்விடும். அந்தப் பிள்ளைகளும் முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய முன்னாள் படைவீரர்களும் இட்டாஸ்காவில் முகாமிட்டு மரம் நட்டார்கள், பாதை போட்டார்கள், கட்டடம் எழுப்பினார்கள். 1934இல் அவர்கள் கட்டிய ஒரு மரவீடு ஏரியோரம் இன்றும் நிற்கிறது. முதியோர் குடில் என்று சொல்லலாம். போனால் அதன் சுவரை எண்ணிப் பாருங்கள். ஒரு சுவருக்கு நான்கே தண்டுகள்! நாலு தண்டை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால் ஓர் ஆள் உயரத்தைத் தாண்டிக் கூரையைத் தொடுகிறது. உள்ளங்கையை அதன்மேல் வைத்துப் பாருங்கள். வெட்டப்பட்ட காடு எப்படிப்பட்ட காடு என்று எந்தப் புத்தகமும் சொல்லாத விதத்தில் அந்தச் சுவர் சொல்லும்.

ஆகவே அன்பர்களே, கோடரி போனது, அணை போனது. இப்போதாவது காடு நிம்மதியாக இருக்கிறதா?

இல்லை. ஒரு காட்டை வெட்டாமல் விட்டுவிட்டாலே போதும் என்றுதான் நாமும் நினைக்கிறோம். அதற்குப் பிறகும் வேலை இருக்கிறது. செம்பைன் விதை முளைக்க வெறும் மண்ணும் வெயிலும் வேண்டும். முன்காலத்தில் அவ்வப்போது தரையோடு ஓடும் தீ சருகையும் புதரையும் எரித்து அந்த இடத்தை ஒதுக்கிக் கொடுத்தது. தடித்த பட்டை உள்ள பெரிய மரம் தீயைத் தாங்கிக்கொண்டது. பிறகு மனிதர்கள் வந்து, தீயென்றால் தீமை என்று ஒவ்வொன்றையும் அணைத்தார்கள். விளைவு? பாட்டன் மரங்கள் நிற்கின்றன, பேரன் மரங்கள் இல்லை. அதனால்தான் இன்று வனத்துறையினரே நாளும் காற்றும் பார்த்து, சிறுசிறு பகுதியாகத் தீ வைக்கிறார்கள். கரிந்த தரையைப் பார்த்தால் பதறாதீர்கள். அது விதைப்புக்கு உழுத நிலம்.

முளைத்த கன்றுக்கு அடுத்த எதிரி மான். பனிக்காலத்தில் வேறு தீனி கிடைக்காத மான், வெள்ளைப் பைன் கன்றின் உச்சிக் குருத்தைக் கடித்துவிடும். குருத்து போனால் மரம் நிமிராது. இதற்கு வடக்கு மினசோட்டாவில் ஒரு வைத்தியம் வைத்திருக்கிறார்கள். இலையுதிர் காலத்தில் கையில் காகிதத்துண்டுகளும் ஸ்டேப்ளரும் எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போவார்கள். ஒவ்வொரு கன்றாகக் குனிந்து, உச்சிக் குருத்தைச் சுற்றிக் காகிதத்தை மடித்து, நழுவாமல் இருக்க நாலு ஊசியிலையையும் சேர்த்துப் பிடித்து ஒரு ஸ்டேப்ளர் அடி. அவ்வளவுதான். மான் வந்து முகர்ந்துவிட்டுப் போய்விடும். வசந்தத்தில் குருத்து காகிதத்தை விலக்கிக்கொண்டு மேலே வரும். மானின் வாய் எட்டாத உயரத்துக்குக் கன்று வளரும்வரை ஒவ்வோர் ஆண்டும் இதைச் செய்ய வேண்டும். துப்பாக்கிக்கு எதிரில் மதகில் கை வைப்பது ஒரு வீரம். குளிரில் குனிந்து குனிந்து காகிதம் சுற்றுவதும் அதே வீரம்தான்.

இப்போது நம் பயணத்துக்கு வருவோம். போவது எப்படி?

இடம் பிடிப்பதுதான் முதல் வேலை. மினசோட்டா மாநிலப் பூங்காக்களில் 120 நாளுக்கு முன்னாலேயே முன்பதிவு திறந்துவிடும். ஜூலை வாரக்கடைசிக்கு ஜூலையில் தேடினால் கிடைக்காது. கூடாரம் அடிக்கப் பேர் பா, பைன் ரிட்ஜ் என்று இரண்டு முகாம்கள் இருக்கின்றன. தரையில் படுக்க முடியாத பெரியவர்கள் உடன் வந்தால், 1905இல் கட்டிய டக்ளஸ் விடுதி இருக்கிறது. கூட்டமே வேண்டாம் என்கிற இளைஞர்களுக்கு, முதுகுப்பையோடு உள்ளே நடந்துபோய்த் தங்கும் தனி இடங்கள் இருக்கின்றன. ஜூன் மாதம் பூவும் அழகு, கொசுவும் அதிகம். செப்டம்பர் கடைசியில் மேப்பிள் சிவக்கும், கொசு ஓய்ந்திருக்கும், இரவு குளிரும். எது வேண்டும் என்பதை வீட்டில் வாக்கெடுத்து முடிவு செய்யுங்கள்!

நடப்பதற்குப் பாதைகள் நிறைய. குழந்தைகளோடு போகிறவர்கள் டாக்டர் ராபர்ட்ஸ் பாதையில் தொடங்குங்கள். இரண்டு மைல்தான். நான் சொன்ன நாலு தண்டு மரவீடு அந்த வழியில்தான் இருக்கிறது. கால் வலுவுள்ளவர்கள் ப்ரோவர் பெயரிலுள்ள பாதையில் கிழக்குக் கரையோரமாக நடந்து, பழைய செம்பைன் தோப்புக்குள் போங்கள். ஏய்ட்டன் குன்றில் 100 அடி உயரத் தீக் கண்காணிப்புக் கோபுரம் ஒன்று இருக்கிறது. ஏறுவதற்கு அனுமதி இருந்தால் ஏறுங்கள். மேலே நின்று பார்த்தால், மரமும் ஏரியும் தவிர வேறொன்றும் கண்ணில் படாது. சைக்கிள் உள்ளவர்களுக்கு ஏரியைச் சுற்றி 16 மைல் இருக்கிறது. அதில் 10 மைல் ஒருவழிக் காட்டுச்சாலை.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். கீழே உதிர்ந்த ஊசியிலைக் கொத்தை எடுத்து எண்ணச் சொல்லுங்கள். கொத்துக்கு ஐந்து ஊசி இருந்தால் வெள்ளைப் பைன். இரண்டே இரண்டு நீள ஊசி இருந்தால் செம்பைன், மினசோட்டாவின் மாநில மரம். பத்து நிமிடத்தில் காடு அவர்களுக்குப் பேரோடு அறிமுகமாகிவிடும். ஜூன் கடைசியில் வழியோரம் வெள்ளையும் இளஞ்சிவப்புமாக, சின்னச் செருப்பு வடிவில் ஓர் ஆர்க்கிட் பூ தெரியும். அது மாநில மலர். முதல் பூ பூக்க அந்தச் செடிக்குப் பதினாறு ஆண்டுகூட ஆகலாம். பறிப்பது சட்டப்படி குற்றம். தலையில் சூடும் பழக்கம் உள்ள நம் கைகளுக்கு இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்!

சில கட்டுப்பாடுகள். விறகை வீட்டிலிருந்து கொண்டுபோகாதீர்கள். ஆஷ் மரங்களைக் கொல்லும் பச்சை நிறத் துளைப்பான் வண்டின் புழு, பட்டைக்கு அடியில் ஒளிந்துகொண்டு உங்கள் காரிலேயே பயணம் செய்யும். அங்கீகாரம் பெற்ற விறகை அங்கேயே வாங்குங்கள். காட்டில் சுள்ளி பொறுக்கவும் கூடாது. கீழே மக்கும் மரம் அடுத்த மரத்துக்கு உரம். படகு கொண்டுபோனால், ஏற்றி இறக்கும்போது தண்ணீரை வடித்து, ஒட்டிய களையை எடுத்துவிடுங்கள். ஓர் ஏரியின் நோய் மறு ஏரிக்குப் போகக் கூடாது.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். நாம் இட்லி மாவும் எலுமிச்சைச் சாதமும் ஊறவைத்த கோழியும் இல்லாமல் எங்கும் போவதில்லை. கொண்டுபோங்கள். ஆனால் இந்தக் காட்டில் கருங்கரடி இருக்கிறது, அதற்கும் மூக்கு இருக்கிறது. இரவில் ஒரு பருக்கைகூடக் கூடாரத்துக்குள் வேண்டாம். உணவு, குளிர்பெட்டி, குப்பை எல்லாவற்றையும் காருக்குள் வைத்துப் பூட்டிவிடுங்கள். நடந்து திரும்பியதும் காதுமடலுக்குப் பின்னால், முழங்கால் மடிப்பில், இடுப்பில் உண்ணி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். லைம் நோய் அதன் வழியாகத்தான் வருகிறது. மூன்று இலை பளபளக்கும் செடியைத் தொடாதீர்கள்; அரிக்கும் நச்சுச் செடியாக இருக்கலாம். படுக்கும் முன் தீயில் தண்ணீர் ஊற்றிக் கிளறி, கையால் தொட்டுச் சூடு இல்லை என்று உறுதி செய்யுங்கள்.

இரவு பத்து மணிக்கு மேல் அமைதி நேரம். இளையராஜா பாட்டு எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்த ஏரியில் லூன் என்றொரு பறவை இருக்கிறது. கறுப்பு வெள்ளைப் புள்ளி இறகு, சிவப்புக் கண். இருட்டில் ஒரு நேரம் அழுவதுபோலக் கூவும், ஒரு நேரம் வெறிகொண்டு சிரிப்பதுபோலக் கூவும். ஒன்று கூவினால் அடுத்த ஏரியிலிருந்து மற்றொன்று பதில் சொல்லும். ஒலிபெருக்கியை அணைத்தால்தான் அந்தக் கச்சேரி கேட்கும்.

இதெல்லாம் என்ன பெரிய விஷயம், விறகு, குப்பை, ஸ்டேப்ளர் என்று சிலர் நினைக்கலாம். நான் கேட்கிறேன்: ப்ரோவர் கையில் என்ன இருந்தது? அளவுச் சங்கிலி. மேரி கிப்ஸ் கையில் என்ன இருந்தது? ஒன்றும் இல்லை, கைதான் இருந்தது. பெயர் தெரியாத அந்தச் சட்டமன்ற உறுப்பினரிடம் என்ன இருந்தது? ஒரு வாக்கு. தன்னிடம் இருந்ததை அவரவர் கொடுத்தார்கள். 1891இல் நடந்த வாக்கெடுப்பு அன்றோடு முடிந்துவிடவில்லை. பூங்காவுக்குப் பணம் ஒதுக்கும் ஒவ்வொரு நிதிநிலை அறிக்கையிலும் அது நடக்கிறது. ஒவ்வொரு கூடாரத்தின் முன்னாலும் நடக்கிறது.

எனவே உங்களிடம் மூன்று வேண்டுகோள். ஒன்று, இந்த ஆண்டு இட்டாஸ்காவுக்குப் போங்கள், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போங்கள். இரண்டு, போன இடத்தில் தன்னார்வலர் வேலை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு, குடும்பத்தோடு ஒரு நாள் உழைத்துவிட்டு வாருங்கள். மூன்று, உங்களில் இந்த நாட்டின் வாக்குரிமை பெற்றவர்கள், பூங்காக்களுக்கும் ஏரிகளுக்கும் பணம் ஒதுக்கும் கேள்வி வரும்போது, சோபாவை விட்டு எழுந்து போய் வாக்களியுங்கள். ஒரு வாக்கு போதுமா என்று யாராவது கேட்டால், போதும் என்று தயங்காமல் சொல்லுங்கள்.